பெயர் வைக்கும் முன்பே

அம்மா, உன் காலில் விழுகிறேன், இதை அப்பாவிடம்கூடக் காட்டாதே. முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

விடுதித் தண்ணீர்த்தொட்டியில் டீச்சர் கண்டுபிடித்த புதுக் கிருமி ஆய்வகத்தில் ஒரே ஒரு தட்டில்தான் வளர்ந்தது. உதவுவதாக நினைத்து அதைக் கொதிநீரில் கழுவிவிட்டேன். உயிருள்ள கிருமியை இரண்டு நாட்டுக் கிருமிச் சேமிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் வைத்த பெயர் செல்லுமாம். குழப்பமாக இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தானே நீ சொல்லித் தந்தாய்? செத்துப்போன தாத்தாவுக்கு இன்னும் பெயர் இருக்கிறதே?

"அந்த ஆயா பண்ணின வேலைதான் இது. நாளைக்கே கணக்கு முடிச்சு அனுப்புங்க" என்று டீச்சர் கத்தினார்.

"சத்தியமா நான் தொடலைம்மா" என்று விடுதியையும் ஆய்வகத்தையும் கூட்டிப் பெருக்கும் ஆயா அழுதார்.

நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார்களா? வீட்டுக்கு அனுப்பினால் நல்லதுதானா? போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்காததாக.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"இன்னும் தூங்கலையா கண்ணு?"

ஆயாவின் குரல். அம்மா, நான்தான் என்று சொல்லிவிட—