பென்ஷனுக்குப் பிறகு நீங்கள் பேசிய பேச்சு

இன்று காலை கிணற்றடியில் என் சேலையை நனைத்தபோது வாளித் தண்ணீரிலிருந்து ஆஸ்பத்திரி லோஷன் வாசனை எழும்பியது. ஒரு நிமிஷம் அது உங்கள் வேட்டி என்றே நினைத்துவிட்டேன். பிழிந்து உதறிய பிறகுதான் கரையில்லாத வெள்ளைச் சேலை கண்ணில் பட்டது. கொடியில் போட்டுவிட்டு அடுக்களைப் படியில் அப்படியே உட்கார்ந்தேன். அடுப்பு பற்றவைக்கத் தோன்றவில்லை. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. வேறு வழி தெரியாமல்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அந்த வாசனையை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். அதற்கு முன்னால் உங்கள் துணியில் மையும் மூக்குப்பொடியுமாகத்தான் மணக்கும். கோர்ட்டில் துபாஷி உத்தியோகம். தெற்கேயிருந்து வருகிற சாட்சி தமிழில் சொல்வதை ஜட்ஜிக்கு மலையாளத்தில் சொல்ல வேண்டும். ஜட்ஜி கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, ஒரு சொல் குறைக்கவும் கூடாது என்பீர்கள். நாளெல்லாம் அடுத்தவர் பேச்சையே பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் உங்களிடம் பேச்சு மிஞ்சியிருக்காது. நானும் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சின்ன வீட்டில், சிவகாமியை வளர்த்துக் கோட்டாற்றில் கட்டிக்கொடுக்கிற வரைக்கும், எனக்கும் ஓய்ந்து உட்கார நேரமிருந்ததில்லை.

பென்ஷனாகி, கோர்ட்டில் உங்களுக்கு மாலை போட்டு அனுப்பிய மறுநாளை நினைத்துப் பார்க்கிறேன். வழக்கம்போலக் குளித்து, வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டு, கறுப்புக் கோட்டை மாட்டித் தலைப்பாகையும் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். எனக்கும் பழக்கம்தானே. இரண்டு பேரும் வாசற்படியில் நின்றோம். தெருவில் மரச்சீனிக் கிழங்கு வண்டி ஒன்று போயிற்று. அது தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து கோட்டைக் கழற்றினீர்கள்.

கொஞ்ச நாள் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். ஒருநாள் கோயிலிலிருந்து கால் தானாகவே கோர்ட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்த பையன் வராந்தாவில் உங்களைக் கண்டதும் எழுந்து நின்று, வழக்கு ஏதாவது உண்டா சார் என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மரியாதையாத்தான் கேட்டான் பிள்ளே. அதாக்கும் சங்கடம்."

பிறகு என் அடுக்களைக்கு வந்தீர்கள். மிளகு டப்பா இருந்த இடத்தில் கடுகு வந்தது. காய்க்காரியிடம் நான் பேரம் பேசும்போது நடுவில் நின்று, அவள் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவளுக்குமாகத் திருப்பிச் சொன்னீர்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதன்பின் நீங்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டீர்கள். வாசல் பக்கத்துப் பூமுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நான் உள்ளேயிருந்து ஏதாவது சொன்னால், அதையே தாழ்ந்த குரலில் மலையாளத்தில் முணுமுணுப்பது காதில் விழும். கேட்பதற்கு ஜட்ஜி இல்லை, ஒருவரும் இல்லை.

என் விரலில் நகச்சுற்று வந்தது அந்தச் சமயத்தில்தான். கீறி மருந்து வைக்க என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். வராந்தாவில் நமக்கு முன்னால் ஒருத்தி புருஷனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பவுண்டர் வடக்கேயிருந்து புதிதாக வந்தவர், தமிழே தெரியாது. "பனியுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

அவள் நிமிர்ந்து, "நெறைய உண்டு சாமி. விடிஞ்சா மலை பூரா பனிதான்" என்றாள்.

எத்தனை நாளாக என்று அடுத்துக் கேட்டார். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது என்றாள். வருஷக்கணக்கான காய்ச்சலா என்று அவர் திகைத்துப் பார்க்கிறார். இவர் எதற்கு மலையைப் பற்றி விசாரிக்கிறார் என்று அவள் திகைத்துப் பார்க்கிறாள். என் பக்கத்தில் இருந்த நீங்கள் எப்போது எழுந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. "அவரு கேக்கது காய்ச்சலையாக்கும் அம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கம்பவுண்டர் பக்கம் திரும்பினீர்கள். முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் பின்னால் கட்டி, கோர்ட்டில் நிற்கிற நிற்பு. அவள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னீர்கள். கொய்னா மருந்து கொடுத்து அவனை உள்ளே எடுத்துப் போனார்கள். டாக்டர் வெளியே வந்து உங்களைப் பார்த்து, "சாரு நாளெ வருமோ?" என்று கேட்டார்.

என் விரலில் கட்டுப் போட்டு வீடு திரும்பினோம். ஆற்றுகால் பாதை பிரிகிற இடத்தில் சொன்னீர்கள்: "நாளைக்குக் கஞ்சி கொஞ்சம் நேரத்தே வைக்கியா?"

சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது. பொன்முடியிலிருந்தும் போனக்காட்டிலிருந்தும் குளிர்க்காய்ச்சலோடு வருகிறவர்களின் கட்டிலோரம் நிற்கிற வேலை. உங்கள் அண்ணாச்சி கேள்விப்பட்டு சுசீந்திரத்திலிருந்து வந்தார். சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவன் கூலிக்காரன் கட்டிலில் போய் உட்காருவதா, நோயை வீட்டுக்குச் சுமந்து வருவதா என்றெல்லாம் கேட்டார். நீங்கள் அவருக்குப் பழம் உரித்துக் கொடுத்தீர்கள். மறுநாளும் விடிந்ததும் நேரத்தே கஞ்சி குடித்துவிட்டுப் போனீர்கள். புறவாசலில் குளித்துத் துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவீர்கள். அப்போதும் லோஷன் வாசனை போகாது.

ஒருநாள் இலையில் கையே வைக்கவில்லை. ஒரு தோட்டக்காரன் பிழைக்கமாட்டான், அதை அவன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்குத் தண்டனையைக்கூடக் குற்றவாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆள் நீங்கள். அன்றைக்கு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இலையை ஓரமாக நகர்த்தினீர்கள். "டாக்டர் சொல்லாத ஒண்ணைக் கூட்டிச் சொல்லிட்டேன் பிள்ளே" என்றீர்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் இங்ஙனதான் இருப்பேன்னு சொன்னேன்." சொன்னபடி, அவன் அடங்குகிற வரை அங்கேயே இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஊரில் உங்களை நேர்மையான துபாஷி என்று சொன்னதை எல்லாம்விட, கூட்டிச் சொன்ன அந்த ஒரு பேச்சுக்காக எனக்கு உங்கள்மேல் பெருமை வந்தது. அப்போது சொல்லவில்லை. இலையை எடுத்துவிட்டு மோர் கரைத்துக் கொடுத்தேன்.

பெண்கள் வார்டுக்குள் உங்களால் போக முடியவில்லை. போனாலும் அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். என்னை வரச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த மலையாளம் மீன்காரியிடமும் காய்க்காரியிடமும் படித்தது, நான் எங்கே வர என்றேன். "சீக்காளியும் அதே மலையாளந்தான் கேப்பா, வா" என்று குடையை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்.

அங்கே ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இருபது வயது இருந்தாலே அதிகம். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதற்கப்புறம் காய்ச்சல் ஏறுகிறது, எங்கே வலி என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை என்று ஏலியம்மா சிஸ்டர் சொன்னாள். நான் கட்டிலில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "பால் கட்டி நெஞ்சு கல்லாட்டம் இருக்கும்மா. குடிக்கப் பிள்ளை இல்ல."

பால் என்பது இரண்டு பேச்சிலும் பால்தான். அதைச் சிஸ்டரிடம் சொல்ல எனக்கு ஒரு துபாஷியும் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது உங்களிடம் அதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள், நம் மூத்தவன் பிறந்த எட்டாம் நாள் போனானே, அப்போது எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுச் சாய்ப்புக்குள் தனியாகக் கிடந்ததையும் சொன்னேன். நீங்கள் நடுத்தெருவில் நின்றுவிட்டீர்கள். வண்டிக்காரன் சத்தம் போட்டு ஒதுங்கிப் போனான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். நீங்கள் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தீர்கள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும், இன்றைக்கு அவள் என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய் என்று வார்டைப் பற்றித் தொடங்குவீர்கள். அது எங்கெங்கோ போய், நான் சின்னப் பிள்ளையாகக் கோட்டாற்றில் ஓடித் திரிந்த கதை வரைக்கும் போகும். கல்யாணமான காலத்திலிருந்து பேசாததையெல்லாம் அந்தச் சில வருஷங்களில் பேசினோம். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோய் ஊரே மரச்சீனி தின்ற காலம் அது. அவித்த கிழங்கை நடுவில் வைத்துக்கொண்டு நாம் பேசிக்கொண்டிருந்ததை நினைத்தால், என் வாழ்வில் அதைப்போல நிறைந்த காலம் வேறு இல்லை.

அப்புறம் ஒரு வைகாசியில், இடவப்பாதி மழை பிடித்த சமயம் உங்களுக்கு டைபாய்டு கண்டது. நீங்கள் நின்று பேசிய வார்டிலேயே உங்களைப் படுக்கவைத்தார்கள். சிவகாமி வந்து அழுதாள், அண்ணாச்சி வந்து தலைமாட்டில் திருநீற்றோடு நின்றார். ஜுரம் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு மத்தியானம் என்னை அருகே அழைத்தீர்கள். எனக்கென்று ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "பெண்கள் வார்டுல யாரோ புதுசா வந்திருக்காளாம். போய்ப் பாத்துட்டு வா" என்றீர்கள்.

போனேன். வயதான ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினாள். நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் உங்கள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். போர்வையை ஏற்றி மூடியிருந்தார்கள்.

நடக்கப் போவது தெரிந்துதான் என்னை அனுப்பினீர்களா, அல்லது நிஜமாகவே அந்தக் கிழவியைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலையா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. இன்றுகூட நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்தேன். எந்த வார்டு உங்கள் கடைசி நாழிகையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதோ, அங்கே போய் நான் என்ன செய்ய? கோட்டாற்றுக்குப் போய் சிவகாமியோடு இருப்பதென்று முடிவாயிற்று. பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று. அப்போது ஏலியம்மா சிஸ்டர் துக்கம் கேட்க வந்தாள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றித்தான் பேசினாள். எழுந்து போகும்போது, பொன்முடியிலிருந்து வந்த ஒரு பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள், என்ன கேட்டாலும் அழுகிறாள் என்று பொதுவாகச் சொன்னாள். என்னை வரச் சொல்லவில்லை.

மறுநாள் நான் குடையை எடுப்பதை, துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார். ஒரு வருஷம் கழியாமல் படி தாண்டக்கூடாது, ஊர் என்ன சொல்லும் என்றார். அவர் முகத்தைப் பார்த்து நான் அதுவரை பேசியதில்லை.

"ஊரு என்ன சொன்னாலும் நமக்கு வெளங்குமே அத்தான். அந்தப் பொண்ணுக்கு இங்ஙன ஒருத்தர் சொல்லதும் வெளங்கல."

அவர் வழிவிட்டார். சம்மதித்தாரா, சலித்துக்கொண்டாரா என்று தெரியாது. ஆண்கள் வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கடந்து போனேன். சாக்கில் கட்டிய பாத்திரங்களை அவிழ்க்க எனக்கு இன்னும் பல நாளாயிற்று. ஆனால் அவிழ்த்துவிட்டேன்.

நேற்று ஒரு சின்னப்பெண் கேட்டாள். மலையிலிருந்து வந்தவள்தான், கால் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா, ஒங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றாள். என்னிடம் இந்த வயது வரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு, "நீ சொல்லதைக் கேக்கதாக்கும் எனக்கு வேலை" என்றேன். அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, தோட்டத்தில் விட்டுவந்த ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் சாயங்காலம் வரை சொன்னாள்.

அதையெல்லாம் வீடு திரும்புகிற வழி முழுக்க உங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லா நாளும் அப்படித்தான் வருகிறேன். கதவைத் திறக்கிற வரைக்கும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.