நாற்பது கலவாய்

லின்ஃபீல்ட், ஒக்லண்ட்
9-2-1986

அன்புள்ள தம்பி தியாகலிங்கம்,

நீரும் குணவதியும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நானும் விக்ரோறியாவும் மகளும் நலம். ஏழு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்.

இங்கே படகுகளில் வந்திறங்கும் ஸ்னப்பர் மீன்களை அளந்து பதியும் வேலை கிடைத்திருக்கிறது. மீன் வரவரக் குறைகிறது. ஆனால் வடக்கே லீ என்ற ஊரில், ஒரு துண்டுக் கடலில் மட்டும் மீன் பிடிக்கக் கூடாதென்று பத்து வருடத்துக்கு முன் சட்டம் போட்டார்களாம். போன சனிக்கிழமை மகளோடு அங்கே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் பெரிய பெரிய ஸ்னப்பர் எங்களைச் சுற்றி வந்தன. "டாட், தே ஆர் நொட் ஸ்கெயர்ட்" என்றாள் மகள்; அவை பயப்படவேயில்லையாம். எனக்கு உம்முடைய பழைய கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

1979இல் நம் மீன்பிடி இலாகாக் கந்தோருக்காக நீர் மாதகல் கல்லுப்பாரில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டில், பத்துத் தரம் நீந்திக் கலவாய் மீனை எண்ணிப் பார்த்து, 'கலவாய்: பூச்சியம். வெடியால் அழிந்தது' என்று எழுதித் தந்தீர். நான் அதை 'மணித்தியாலத்துக்கு நாற்பது' என்று மாற்றி ரைப் அடித்துக் கையெழுத்து வைத்தேன். அங்கே வெடி போட்டு மீன் பிடித்தது என் மனைவியின் தம்பி கிளறன்ஸ். எண்ணத் தெரியாதவர் என்று உம்மை வவுனியாக் குளங்களுக்கு மாற்றி அனுப்பியதும் அதனால்தான். என்னை மன்னியும்.

டொமினிக்

---

மாதகல்
30-4-1986

டொமினிக் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் யாரோ பிரித்து ஒட்டியபடி வந்து சேர்ந்தது.

நீங்கள் மாற்றியது எனக்கு அன்றைக்கே தெரியும். கந்தோரில் உங்கள் ரைப் மெஷினில்தான் 4 என்ற இலக்கம் கொஞ்சம் மேலே ஏறி விழும். கிளறன்சுக்காக என்றும் தெரியும். குளத்தில் இரண்டு வருடம் திலாப்பியா எண்ணிவிட்டு வேலையை விட்டேன். இப்போது ரியூசன் கொடுக்கிறேன்.

மன்னிப்பு இருக்கட்டும். எனக்கு வேறொன்று வேண்டும். சண்டையால் இரண்டு வருடமாகக் கடலில் இறங்கத் தடை. வள்ளங்கள் கரையில் காய்கின்றன, சனம் பட்டினி. கல்லுப்பார் நீந்தும் தூரம்தானே என்று விடியமுன் போய் வருகிறேன். குணவதி ஏசுகிறாள். கலவாய் திரும்பி வந்திருக்கிறது, அண்ணை. அனேகமும் ஒரு சாண்தான். ஒரு மணித்தியாலத்தில் முப்பத்தெட்டு எண்ணினேன்.

இதை யாரிடம் காட்டினாலும், 'முன்பு நாற்பது, இப்போது முப்பத்தெட்டு, இதில் என்ன புதினம்?' என்பார்கள். மீன் இல்லாமல் போனதே பதிவில் இல்லையென்றால், திரும்பி வந்ததை நான் எப்படி எழுதுவது? பூச்சியம்தான் சரியென்று கையெழுத்து வைத்துக் கந்தோருக்கு ஒரு பிரதியும் எனக்கு ஒன்றும் அனுப்புங்கள்.

தியாகலிங்கம்

---

லின்ஃபீல்ட்
20-7-1986

அன்புள்ள தம்பி,

நீர் கேட்டது நியாயம். ஆனால் இந்த வேலை பழைய கந்தோரின் நற்சான்றிதழில் கிடைத்தது. நிரந்தர விசாவும் இன்னும் வரவில்லை. கிளறன்ஸை ஊரில் காட்டிக்கொடுப்பதா என்று விக்ரோறியா அழுகிறாள். கொஞ்சம் பொறும். நீரும் குணவதியும் இங்கே வர விண்ணப்பிக்கலாம், நான் கடிதம் தருகிறேன். கடலில் மட்டும் இறங்காதேயும்.

டொமினிக்

---

மாதகல்
12-10-1986

டொமினிக் அண்ணைக்கு,

விசா விஷயத்துக்கு நன்றி. நான் கேட்டது அதுவல்ல.

உங்கள் கடிதத்தைக் கிளறன்ஸிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். "அத்தானை எழுதச் சொல்லுங்கோ. எந்தக் கல்லில எத்தினை வெடி போட்டனான் எண்டு நானே சொல்லுறன்" என்றார். இப்போது அவரும் என்னோடு நீந்த வருகிறார்.

தியாகலிங்கம்

---

லின்ஃபீல்ட்
1-2-1987

அன்புள்ள தம்பி,

கையெழுத்து வைத்த பிரதி இத்துடன் இருக்கிறது. மற்றதைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன். விசா இன்னும் வரவில்லை. இங்கே என் மேலதிகாரியிடமும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆறு மாதத்துக்கு நான் அளக்கும் ஒவ்வொரு மீனையும் இன்னொருவர் திரும்ப அளப்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காரணம் தெரியும். விக்ரோறியா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. கிளறன்ஸின் கடிதம் வந்த பிறகு அவள்தான் இதைத் தபாலில் போட வாங்கிப் போகிறாள்.

திரும்பவும் கேட்கிறேன், மன்னியும்.

டொமினிக்

---

மாதகல்
6-9-1987

அன்புள்ள அண்ணை,

பிரதி கிடைத்தது. கந்தோரிலிருந்து பதில் இல்லை. என் கொப்பியில் பழைய பூச்சியத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

இந்திய ஒப்பந்தம் வந்து, போன மாதம் கடல் தடை எடுபட்டது. முதல் நாளே வள்ளங்கள் கல்லுப்பாருக்கு வந்தன. பசித்த சனத்திடம் என்ன சொல்ல? கிளறன்ஸ்தான் மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, "தூண்டில் போடுங்கோ, வெடி மட்டும் வேண்டாம். நான் ஒரு வருசத்தில அழிச்சது திரும்பிவர ஏழு வருசம் பிடிச்சது" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வாரம் எண்ணியது இருபத்தொன்று.

மன்னிப்பு இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். இப்போது பாதை திறந்திருக்கிறது. ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. குணவதி கலவாய் சமைக்கமாட்டாள். சூடை மீன் வலையில் தாராளமாகப் படுகிறது.

உங்கள் தம்பி,
தியாகலிங்கம்