மலைப்பாதையில் இரண்டு கார்கள்

சார்ஜா

அன்பின் சஜீவனுக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டுப் பயப்படுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் மேடம் வீட்டாருடன் இரண்டு காரில் ஜெபல் ஜைஸ் மலைக்குப் போனேன். வளைந்து வளைந்து ஏறும் பாதை. புல்கூட முளைக்காத பாறைகள், கீழே தலைசுற்றும் பள்ளத்தாக்கு. அழகுதான். உச்சிக்குக் கிட்ட இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய் வந்து பார்த்தால் இரண்டு காரும் இல்லை. நான் மற்றக் காரில் இருப்பதாக இரண்டிலும் நினைத்துவிட்டார்கள். என் போன் காரில் சார்ஜில் கிடந்தது. கையில் மேடத்தின் குழந்தையின் பால் போத்தல் பை மட்டும்.

வெயில் சாய, ஆட்கள் குறைந்தார்கள். மதுரைப் பெண் ஒருத்தி, "யாருக்காக நிக்கிறீங்க அக்கா? இந்தாங்க, கூப்பிடுங்க" என்று தன் போனைத் தந்தாள். மேடத்தின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. உங்களுடையது மட்டும்தான் தெரியும். திரும்பத் திரும்ப அடித்தேன்.

"எடுக்கலையா அக்கா?"

"அவர் வேலையில நிப்பார்" என்று சிரித்தேன். புருஷன் அவசரப்படுத்தியும் அவள் என்னை விட்டுப் போகவில்லை.

இருட்டுமுன் கார் திரும்பி வந்தது. குழந்தை பாலுக்கு அழுதபோதுதான் என்னைத் தேடினார்களாம். மேடம் முதலில் பையைத்தான் வாங்கினார்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். குழந்தை எழும்பிவிட்டது, போகிறேன். இனித் தெரியாத நம்பர் என்றாலும் எடுங்கள். நானாக இருக்கும்.

பிரஷாந்தி