பதினான்காம் மரத்து நாற்காலி

இன்று காலை தென்னந்தோப்பெல்லாம் பெயிண்ட் வாடை. கள் இறக்கும் மரங்களுக்குப் புது எண் போட கேரளத்து எக்ஸைஸ் துறைக்காரர்கள் நேற்று வந்துவிட்டுப் போனார்கள். நம் பதினான்காம் மரம் இப்போது முப்பத்தொன்று. மாமா, அதனடியில் நீங்கள் போட்ட நீல நாற்காலி மட்டும் அப்படியே கிடக்கிறது. எதுவரை நடக்கலாம் என்று எனக்குச் சொல்ல இனி அந்த எண்ணும் இல்லை, நீங்களும் இல்லை.

முதலில் எனக்கு வந்த இந்த நோயே நமக்குப் பிடிபடவில்லை. நரம்பின் மேலுறை கெட்டுப்போகும் நோய், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு நாள் கதிர் அறுத்த மாதிரி அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. நீங்கள் துடைப்பத்தைக்கூட என் கையிலிருந்து பிடுங்கி வைத்தீர்கள். படுத்தே கிடந்தால் தேறிவிடுவேன் என்று இருவருமே நம்பினோம். ஆறு மாதத்தில் வாசல்படி ஏறுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அந்த மலையாளப் பெண்தான் நம்மை உட்காரவைத்துத் திட்டினாள். படுத்தால் அசதி கூடும், நடந்தால் குறையும், வெயிலுக்கு முன்னால் நடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்றாள். அசந்துபோன ஆளை நடக்கச் சொல்கிறாளே என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்தீர்கள். மறுநாள் விடிந்ததும் என் செருப்பை எடுத்து வைத்ததும் நீங்கள்தான்.

வாரத்துக்கு ஓர் எண் என்று கணக்கு வைத்தீர்கள். மூன்றாம் மரம்வரை, நான்காம் மரம்வரை. பதினான்கு வந்தபோது நானே குழம்பு வைக்க ஆரம்பித்திருந்தேன். அப்புறம்தான் அந்தப் பதினைந்து. எண் அடுத்ததுதான், மரம் அடுத்ததல்ல. கள்ளுக்கு விட்ட மரத்துக்குத்தான் எண். நடுவே காய்க்கு விட்ட மரங்கள் வரிசை வரிசையாக நிற்பது, அந்தத் தோப்பிலேயே வளர்ந்த உங்களுக்கு அன்று உறைக்கவில்லை. நம் பெருமாட்டி ஊரில் பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுடும். நாம் புறப்பட்டதும் தாமதம். பதினைந்தைத் தொட்டுத் திரும்பி இரண்டு எட்டு வைத்ததும் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கண் மங்கி விழுந்தேன். இனி எழவே மாட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் துண்டை வாய்க்காலில் நனைத்து என் கழுத்தில் போட்டு, தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்.

"பதினாலுக்கு அடுத்தது பதினஞ்சுதானேன்னு நெனச்சுப்போட்டனே அம்முணி" என்று அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

உடம்பு குளிர்ந்து மாலைக்குள் கால் சரியாயிற்று. சூடு செய்த வேலை, நோய் முற்றவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். மரத்தைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள், பாதி பலம் இருக்கும்போதே திரும்புங்கள் என்றாள். மறுநாளே பதினான்காம் மரத்தடியில் நாற்காலி வந்தது. அதன்பின் தினமும் புறப்படும்போது ஒரே பேச்சு: "பாதியை ஊட்டுக்குக் கொண்டாந்தரோணும், மறந்தராத."

ஆனால் நீங்கள் மறந்தீர்கள். போன தை மாதம் தோப்புக்குத் தண்ணீர் திருப்பத் தனியாகப் போனீர்கள். கள் இறக்குகிறவர் பார்த்தபோது அந்த நாற்காலிக்குப் பத்தடி தள்ளி மூச்சில்லாமல் கிடந்தீர்களாம். இரண்டு நாளாக நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நிமிடம் உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுகிறான். தோப்பில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்கிறான். எனக்கும் அதே பயம்தான். நடந்தால் விழுவேனோ என்று பயம். நடக்காவிட்டால் கட்டிலோடு போய்விடுவேனோ என்று அதைவிடப் பயம். இன்று கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு போனேன். எண்களைப் பார்க்கவில்லை.

நாற்காலிக்கு இன்னும் ஏழெட்டு மரம் இருக்கும்போதே தொடை நடுங்கத் தொடங்கியது. எப்படியாவது போய் அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உட்கார்ந்தால் உங்கள் பக்கத்தில் இருந்த மாதிரி இருக்கும். போகவில்லை. திரும்பிவிட்டேன். சுவரைப் பிடிக்காமல் வாசல்படி ஏறினேன்.

பாதியைக் கொண்டாந்துட்டனுங்க மாமா.