இரண்டு இளநீர்

அபியா,
செவ்வாய் காலை

அன்புள்ள தம்பி செமிசிக்கு,

அண்ணன் சாவலி எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை முதலில் தெரிந்துகொள். ஆக்லாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ வெட்டிக் கொடுத்த இளநீர்தான் என்னைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது என்றும், அதற்குப் பரிகாரமாக உன் சிறுநீரகங்களில் ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணி பெனினா நலம். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினுக்காக நம் சவாய்த் தீவிலிருந்து வாரம் மூன்று முறை படகில் வந்துபோக முடியாது என்பதால், இப்போது இங்கே அபியாவில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தை வீட்டிலேயே இருக்கிறோம். எனக்கென்று சேப்பங்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுகிறாள். கிழங்கிலிருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு அப்படியே தண்ணீருக்குப் போய்விடுமாம். ருசியும் கூடவே போய்விடுகிறது. முணுமுணுத்தால், "ருசி வேணும்னா சொல்லுங்க, அப்படியே சவப்பெட்டிக்கும் சொல்லிடறேன்" என்கிறாள்.

அந்த இளநீரிலும் இருந்தது இதே உப்புதான். ஒன்பது வருஷம் கழித்து ஊருக்கு வந்த நீ, உன் தொப்பையை வைத்துக்கொண்டு, ஆள் வைக்காமல் நீயே மரம் ஏறினாய். என் பிள்ளைகள் கீழே நின்று, "சித்தப்பா, மரம் பாவம், இறங்கிடுங்க" என்று கத்தினார்கள். முழங்காலெல்லாம் சிராய்த்துக்கொண்டு இறங்கி, வெட்டி, இரண்டு கையாலும் நீட்டினாய். எனக்கு ஆகாதவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததில் முதல் வரியே இளநீர்தான். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று பெனினாவின் வாயை அடைத்தவன் நான். உன் முன்னால் நோயாளியாக உட்கார எனக்கு மனம் வரவில்லை. உதட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். முழுசாகக் குடித்தேன். நீ, "இன்னொண்ணு வெட்டட்டுமாண்ணே?" என்றாய். "வெட்டுடா" என்றேன். பெனினா அப்போது சமையல் குடிலில் இருந்தாள். பக்கத்தில் இருந்திருந்தால் பிடுங்கியிருப்பாள்.

மறுநாள் விடிகாலைப் படகில் நீ விமானத்துக்குப் போய்விட்டாய். மத்தியானப் படகில் நான் பெனினாவோடு மிஷினுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் எழுந்திருக்கப் பார்த்தால் கால் வரவில்லை. வலி இல்லை, கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். என்னைத் தூக்கிக்கொண்டுதான் மருத்துவமனைக்குள் போனார்கள். அங்கே மோயாட்டா என்றொரு நர்ஸ், நம் தேவாலயத்தில் பாடுகிற பெண். இதயத் துடிப்பைத் தாளில் எடுத்துப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நிமிஷத்துக்கு முப்பத்தாறுதான் இருந்ததாம்.

"என்ன சாப்பிட்டீங்க, பெரியவரே?"

இளநீர் என்றேன். எத்தனை என்றாள். இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டா? ஒண்ணோட நிறுத்த மனசு வரலையா?" என்று திட்டிக்கொண்டே ஊசியைக் குத்திவிட்டாள்.

தம்பி, இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி. முதல் ஊசி இதயத்தைத் தாங்கிப்பிடிக்க. அடுத்து இன்சுலினும் சர்க்கரைத் தண்ணீரும் ஏற்றினார்கள். எனக்குத்தான் சர்க்கரை வியாதி இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். மோயாட்டா சொன்னாள்: "அந்த உப்பு கெட்டது இல்ல. அது இருக்க வேண்டிய இடம் செல்லுக்குள்ள. உங்க சிறுநீரகம் வெளியேத்தாததால ரத்தத்துல தேங்கி நிக்குது. இன்சுலின் போனா, செல்லு சர்க்கரையை உள்ளே எடுத்துக்கும், இந்த உப்பையும் உள்ளே இழுத்துக்கும். மிஷின்ல போடற வரைக்கும் அது உள்ளேயே இருக்கட்டும்."

கால் மணி நேரம் போயிருக்கும். பிறகு என் கால் கட்டைவிரல் அசைந்தது. கொஞ்சம் பொறுத்து முழங்கால். தாளில் துடிப்பு ஐம்பதானது, அறுபதானது. செமிசி, அதுவரை என் உடம்பிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. நீ கொடுத்த இரண்டு இளநீரும் எனக்குள்ளேதான் இருந்தன. அந்த உப்பு, செல்லின் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது. என் சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றும் ஓயாமல் இந்த உப்பை உள்ளே இழுத்து, சோற்று உப்பை வெளியே தள்ளுகின்றனவாம். நான் பிரசங்கத்தில் குறட்டை விடும்போதும் இந்த வேலை நடக்கிறது. ஐம்பத்தைந்து வருஷமாக இது எனக்குள் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்துப் பெனினா நர்ஸைக் கூப்பிட்டாள்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் நினைத்தேன். நம் தென்னை கடல் மணலில் நிற்கிறது. வேரில் உப்பு நீர், காயில் இனிப்பு நீர். எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று அந்த வேருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் பிறந்ததிலிருந்து குடிக்கிறோம், ஒருநாளும் கேட்டதில்லை.

இனி உன் சிறுநீரக விஷயம். நம் ஊரில் குற்றம் செய்தவன் பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு வீட்டு முன்னால் வந்து உட்காருவானே, மன்னிக்கிறவன் வந்து பாயை எடுக்கும்வரை அசையாமல், அப்படி இருந்தது உன் கடிதம். நீ செய்யாத குற்றத்துக்கு நீ போர்த்திய பாயை நான் எடுத்துவிட்டேன். தண்டனையாகக் கொடுத்தால் உன் உடம்பிலிருந்து ஒரு மயிரைக்கூட வாங்க மாட்டேன். பெனினா இதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. மிஷினோடு இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு மாதம் பொறு. நீ எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பது உன் மனதில் நன்றாக இறங்கட்டும். பிறகு பயமாக இருந்தால், வேலை அதிகம், வர முடியாது என்று ஒரு வரி எழுது. நான் மேலே ஒன்றும் கேட்க மாட்டேன். எப்போதும்போல் உன்னைக் கிண்டல் செய்து பதில் போடுவேன். அப்போதும் கொடுக்கத் தோன்றினால், அங்கேயே ரத்தச் சோதனை செய்துகொண்டு சொல். நான் மறுக்க மாட்டேன். எனக்கு இன்னும் வாழ ஆசையாக இருக்கிறது, தம்பி.

ஆண்டவர் உன்னை முழுசாகக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
சாவலி