கணப்பில் விரித்த தலைப்பாகை

என் உயிருக்கு உயிரான ஏகாம்பரம் மாப்பிள்ளைக்கு,

உன்மேல் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். போன மார்கழியில் அந்தத் துரை பங்களாக் கூரையில் ஏறும்முன், "மேலே ஆள் இருக்கு, நெருப்பு மூட்டாதீங்க" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் உன் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

கொத்தனார்களான நமக்கு ஒரு வழக்கம் உண்டுதான். புகைபோக்கி வேலைக்குப் போனால், கீழே கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பில் தலைப்பாகையை விரித்துவிட்டு ஏறுவோம். அது கிடக்கும்வரை யாரும் தீ மூட்டமாட்டார்கள். நீயும் விரித்தாய். அந்தத் துணியை மட்டுமே நம்பினாய்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறை வெடிக்கும்போதெல்லாம் மேலே பங்களா குலுங்கி, புகைபோக்கியின் செங்கல் இடுக்குகள் விட்டுப்போகின்றன. அதற்குச் சுண்ணாம்புக் காரை திணிக்கப் போனவன்தானே நீ? விழுந்து செத்தாய். "குடிச்சிட்டு ஏறினான்" என்றான் பட்லர் பொன்னன். துரை நம்பினார். ஆண்டர்சன்பேட்டையே நம்பியது.

என் தங்கை குப்பம்மாவும் நம்பினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் நீ. "சத்தியத்த மீறிட்டுப் போன மனுசனுக்கு நான் இன்னாத்துக்கு அழணும்?" என்றாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்புறம் உன் பேரையே எடுக்கவிடவில்லை.

அரைகுறையாக நின்ற அதே புகைபோக்கியை முடிக்க நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறதாம். போய்க் கணப்பில் தலைப்பாகையை விரித்தேன். பட்லருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க ஏறுங்கண்ணே. நான் இங்கியே காவலா நிக்கிறேன்" என்றான்.

"இன்னாத்துக்குய்யா காவல்? அன்னிக்கு அவன் துணிய எடுத்தது யாரு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "விருந்தாளிங்க வந்தாங்கண்ணே. அழுக்குத் துணி கெடக்குதேன்னு எடுத்துட்டேன். குளிருது, நெருப்பு மூட்டுன்னு துரைசானி சொன்னாங்க. மேல ஆள் இருக்கறதே மறந்துபோச்சு."

நீ புகைபோக்கியின் வாய்க்குள் தலையை விட்டுக் காரை திணித்துக்கொண்டிருந்திருப்பாய். கீழிருந்து புகை குப்பென்று வந்திருக்கும். மறந்துபோச்சாம்! சரி, மறந்தவன் உன்னை எதற்குக் குடிகாரனாக்கினான்? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமாம். அவன் வேலை நிலைக்க உன் மானம் போகவேண்டுமா?

அவனுடைய வெள்ளைக் கோட்டைக் கொத்தாகப் பிடித்து, கடைவீதி வழியாகவே இழுத்து வந்து குப்பம்மா முன்னால் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

"அப்போ என் புருசன் குடிக்கலியா?"

"இல்லம்மா" என்றான்.

மாப்பிள்ளை, உன்னை எடுத்த அன்று அழவேண்டியதையெல்லாம் அவள் நேற்று அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்தப் புகைபோக்கியில் இனி நான் ஏறமாட்டேன். துரைசானி குளிரில் நடுங்கட்டும். உன்னைக் குடிகாரன் என்று இனி எவன் சொன்னாலும் அவன் பல்லை உடைப்பேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
முனியன்