கழுவ மட்டும்

இன்று காலை நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் தண்ணீர் இல்லை. குழாய் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மூலையில் கிடந்த நீலப் பீப்பாயின் மூடியைத் திறந்தேன். கார் ஷாம்பு வாசனை. நீ கொடுத்த பீப்பாய். எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் அந்த வாசனை போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நகருக்கு வெளியே பூச்சோங்கில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்தில் இருந்தது உன் கார் கழுவும் கடை. உனக்கென்று சொந்தமாக ஓர் ஆழ்துளைக் கிணறு. வட்டாரம் முழுக்கக் குழாய்கள் வறண்டாலும் உன் கடையில் தண்ணீர் கொட்டும். அக்கம்பக்கத்தார் வரிசையில் நிற்பார்கள். நீ ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிப்பாய்.

அந்தப் பெருமையில்தான் ஒரு போத்தலில் பிடித்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் கையில் திணித்தாய். "உன் லேப்ல போட்டுப் பாருடா. கடைத் தண்ணியெல்லாம் தோத்துப் போகும்."

முடிவு வந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "ஆர்செனிக் விஷம் இருக்கு. அளவுக்குப் பல மடங்கு மேல. குடிக்கிறத நிறுத்து."

"கொதிக்க வெச்சுத்தானடா குடிக்கிறேன்?"

"கொதிச்சா கிருமிதான் சாவும். இது கிருமி இல்ல. தண்ணி ஆவியாப் போகும், இது சட்டியிலேயே நிக்கும்."

நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். கடையில் கொதிக்க வைத்திருந்த தண்ணீரைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் ஊற்றினாய்.

அடுத்த முறை தண்ணீர் நின்றபோது நீ குழாயை மூடவில்லை. துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் வேண்டுமே. ஆனால் வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய்: "கழுவ மட்டும். கொதிக்க வெச்சும் குடிக்காதீங்க."

பக்கத்து வீட்டு ஆன்டி விடவில்லை. "போன தடவ தேனா இருக்கும் ஆன்டின்னு நீதானே ஊத்திக் குடுத்தே? நீயும் வருஷக்கணக்கா குடிக்கிறே, கல்லு மாதிரிதானே நிக்கிறே லா?"

நீ இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன் விரித்தாய். சோள மணி அளவில் கட்டிக் கட்டியாகத் தடிப்பு. கார் கழுவிக் கழுவி வந்த காய்ப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த வாரம் டாக்டர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்பது.

ஆன்டி தன் பீப்பாயை நிரப்பினார். போகும்போது பின்னால் நின்றவரிடம், "கழுவ மட்டும்தானாம் லா" என்றார்.

பிறகு உனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். தண்ணீரால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் தொழிலில் நானும் அப்படித்தான் எழுதுவேன். சரியான வாக்கியம்தான். கேட்டபோது எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாய். "டேய், நான் குடுத்த தண்ணியால யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"எப்பவோ ஒரு நாள் ரெண்டு நாள் குடிச்சதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். உனக்காகச் சொன்ன ஆறுதல் இல்லை, உண்மை. உன் முகம் தெளிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாய்.

தினமும் குடித்தவனைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல்தான் எழுந்து வந்தேன். இன்னும் அது என்னிடமே இருக்கிறது.